அக்கூஸ்டிக் ட்ரீட்மென்ட்: அறையின் ஒலியைப் பண்படுத்தல்

"சவுண்ட் ப்ரூஃப் பண்ணணும், எத்தனை ஷீட் ஃபோம் வேணும்?" வீட்டில் சின்னதாக ஒரு ஒலிப்பதிவு அறை அமைக்கப் போகிறவர்கள் பெரும்பாலும் கடையில் இப்படித்தான் கேட்கிறார்கள். அவர்களுக்குத் தேவைப்படுவது ஒன்று, சொல்லும் பெயர் வேறொன்றுக்கு உரியது. பெயர் தவறியதால் வாங்கும் பொருளும் தவறிப்போகிறது.

சவுண்ட் ப்ரூஃப் என்பது ஒலித்தடுப்பு. தெருச் சத்தம் உள்ளே வராமலும், உள்ளே வாசிப்பது அடுத்த வீட்டுக்குப் போகாமலும் மறிப்பது. அதற்கு எடை வேண்டும், காற்றுப் புகும் இடுக்கு இருக்கக் கூடாது. ஒற்றைச் சுவரின் எடையை இரண்டு மடங்காக்கினாலும் கோட்பாட்டுக் கணக்கில் சுமார் 6 டெசிபல்தான் (டெசிபல் என்பது ஒலி மட்டத்தின் அலகு) கூடுதலாக மறிபடும். கதவுக்கு அடியில் அரை அங்குல இடுக்கு இருந்தால் அத்தனை எடையும் பயனற்றுப் போகும். பஞ்சுபோன்ற ஃபோமுக்கு எடையே இல்லை. பஸ் ஹாரன் அதை ஊடுருவி வந்துவிடும்.

அக்கூஸ்டிக் ட்ரீட்மென்ட்டின் வேலை வேறு. அறைக்குள்ளேயே எழும் ஒலி சுவரிலும் தரையிலும் கூரையிலும் மோதித் திரும்புவதை அளவோடு அடக்குவது அது. மைக்கில் பாடகரின் குரலோடு சுவரின் குரலும் சேர்ந்து பதிவாகாமல் இருக்கவும், ஸ்பீக்கரில் கேட்பதை நம்பி மிக்ஸ் செய்யவும் இதுதான் வேண்டும்.

அக்கூஸ்டிக் கிரேக்கத்திலிருந்து வந்த சொல். 'அகூஏய்ன்' என்றால் கேட்டல். 'அகூஸ்டிகோஸ்' என்றால் கேட்டல் தொடர்பானது. பிரெஞ்சு அறிஞர் ஜோசப் சோவேர் 1701-இல் ஒலி பற்றிய அறிவியலுக்கு இந்தப் பெயரை வழங்கினார். தமிழில் நாம் ஒலியியல் என்கிறோம். மூலச்சொல் காதின் பக்கம் நிற்கிறது, நம் சொல் ஒலியின் பக்கம் நிற்கிறது. 'கேள்வி ஞானம்' என்று இசைக்காரர்கள் சொல்லும் கேள்விதான் கிரேக்கச் சொல்லுக்கு நெருங்கிய உறவு. ஆனாலும் பள்ளிப் பாடத்தில் ஊன்றிவிட்ட ஒலியியலை மாற்றத் தேவையில்லை.

சிக்கல் ட்ரீட்மென்ட்டில்தான். லத்தீனில் 'ட்ராக்டாரே' என்றால் கையாளுதல், பேணுதல். இழுத்தல் என்ற பொருளுள்ள 'ட்ராஹெரே'யிலிருந்து பிறந்தது. மருத்துவம் இந்தச் சொல்லின் ஒரு கிளை மட்டுமே. அதனால் 'ஒலிச் சிகிச்சை' என்று எழுதுவது பிழை. படிப்பவர் காது நோய்க்கான மருத்துவம் என்றே எடுத்துக்கொள்வார். 'பதப்படுத்தல்' தோலுக்கும் மீனுக்கும் போய்விட்டது. 'சீரமைப்பு' தவறில்லை, ஆனால் உடைந்ததைச் செப்பனிடுவது போன்ற தொனி அதில் இருக்கிறது. எங்கள் தேர்வு 'ஒலிப் பண்படுத்தல்'. விதைப்பதற்கு முன் நிலத்தைப் பண்படுத்துவது போல, பதிவுக்கு முன் அறையைத் தயார் செய்வது. பண் என்பது இசைக்கும் பெயர். யாழிசைப்பவர் செய்யும் எட்டுக் கலைத்தொழில்களில் முதலாவதை, அதாவது நரம்பை வாசிப்புக்கு ஆயத்தம் செய்வதை, 'பண்ணல்' என்றே பழந்தமிழ் இசை மரபு சொல்கிறது. பொருத்தமான சொல் நம் கையிலேயே இருக்கிறது.

உடன் வரும் சொற்கள் சில. தனித்துக் கேட்கும்படி திரும்பி வருவது எதிரொலி. பல மோதல்கள் ஒன்றோடொன்று கலந்து நீளும் ஓசை எதிர்முழக்கம். ஒலி 60 டெசிபல் அடங்க ஆகும் நேரம் எதிர்முழக்க நேரம். அப்சார்பர் ஒலி உறிஞ்சி, டிஃப்யூசர் ஒலிச்சிதறி. அறை மூலையில் வைத்துத் தாழ்ந்த சுரங்களை அடக்கும் பேஸ் டிராப்பை 'பொறி' என்று பெயர்க்க வேண்டாம், 'மூலை உறிஞ்சி' போதும்.

எதிர்முழக்கத்தை முதலில் முறையாக அளந்தவர் அமெரிக்க இயற்பியலாளர் வாலஸ் சபைன். ஹார்வர்ட் பல்கலைக்கழகத்தின் ஃபாக் கலைக்கூடத்தில் இருந்த விரிவுரை அறையில் பேச்சு புரியவில்லை. ஒரு சொல் அடங்க சுமார் 5.5 விநாடி ஆனது. 1895-இல் அதைச் சரிசெய்யும் பொறுப்பு அவரிடம் வந்தது. பக்கத்திலிருந்த சாண்டர்ஸ் அரங்கின் இருக்கை மெத்தைகளை இரவில் தூக்கிவந்து அடுக்குவார். ஆர்கன் குழலை ஊதி நிறுத்தி, ஓசை அடங்கும் நேரத்தை ஸ்டாப்வாட்சில் குறிப்பார். விடிவதற்குள் மெத்தைகள் திரும்பிப் போய்விடும். அந்த இரவுகளில் பிறந்த சூத்திரம் இது: எதிர்முழக்க நேரம் = 0.161 × கன அளவு ÷ மொத்த உறிஞ்சுபரப்பு, மீட்டர் கணக்கில். மோதும் ஒலியில் ஒரு பரப்பு உறிஞ்சும் பங்கு உறிஞ்சுதிறன், அதைப் பரப்பளவால் பெருக்கினால் உறிஞ்சுபரப்பு.

10 அடிக்கு 12 அடி, உயரம் 10 அடி உள்ள ஓர் அறையில் இதைப் போட்டுப் பார்ப்போம். கன அளவு சுமார் 34 கனமீட்டர், சுவர், தரை, கூரை சேர்த்துப் பரப்பு 63 சதுரமீட்டர். பூசிய சுவர், டைல்ஸ் தரை, ஒரு கதவு, ஜன்னல், மேசை, ஓர் ஆள் எல்லாம் சேர்த்துச் சராசரி உறிஞ்சுதிறன் 0.05 என்று வைத்தால் உறிஞ்சுபரப்பு 3.2, எதிர்முழக்க நேரம் 1.7 விநாடி. குரல் பதிவுக்கு வேண்டியது 0.3 விநாடி அளவு. அதற்கு இன்னும் ஏறக்குறைய 15 சதுரமீட்டர் உறிஞ்சுபரப்பு தேவை. சிறிய அறையில், அதுவும் தாழ்ந்த சுரங்களில், இந்தக் கணக்கு தோராயம்தான். ஆனாலும் மைக்குக்குப் பின்னால் ஒட்டும் நான்கு ஃபோம் துண்டுகள் எவ்வளவு பற்றாது என்பதை இது காட்டிவிடும்.

உறிஞ்சிகள் தம்மேல் மோதும் ஒலியை ஏறக்குறைய முழுவதும் உறிஞ்சும் என்று வைத்தால், அந்த 15 சதுரமீட்டரை இப்படிப் பங்கிடலாம். 1 மீட்டர் × 0.6 மீட்டர் பேனல் 12 செய்தால் 7.2. நான்கு மூலைகளிலும் தரையிலிருந்து கூரை வரை 0.6 மீட்டர் முகமுள்ள மூலை உறிஞ்சி வைத்தால் 7.3. பேனல்களில் பக்கச் சுவர்களுக்கு மூன்று மூன்று, பின்சுவருக்கு மூன்று, தலைக்கு மேலே கூரையில் இரண்டு, முன்சுவரில் ஒன்று. கதவு ஒரு மூலையை எடுத்துக்கொண்டால், அதை ஈடுகட்ட பின்சுவரும் கூரையும் சேரும் விளிம்பில் உறிஞ்சியைப் படுக்கையாகப் பொருத்துங்கள்.

பேனலுக்கு உள்ளே வைப்பது ராக்வூல், அதாவது பாறையை உருக்கி இழையாக்கிச் செய்த பஞ்சு. கனமீட்டருக்கு 48 கிலோ அடர்த்தி, 50 மில்லிமீட்டர் தடிமன் கொண்ட ஸ்லாப் இரண்டை அடுக்கி, மரச்சட்டத்தில் வைத்து, காடாத் துணி போர்த்துங்கள். துணியை வாயில் வைத்து ஊதிப் பாருங்கள். மூச்சு தாராளமாக மறுபக்கம் போக வேண்டும். ரெக்சினில் போகாது, அது வேண்டாம். பின்பக்கத்தையும் பலகையால் அடைக்காமல் துணியால் மூடி, சுவரிலிருந்து 4 அங்குலம் தள்ளி மாட்டுங்கள். சுவரை ஒட்டிய இடத்தில் காற்றின் அசைவு ஏறத்தாழ இல்லை. அசையும் காற்றைத்தான் இழைகள் உராய்ந்து அடக்கும். ஓர் அலையின் அசைவு உச்சம் அடைவது சுவரிலிருந்து கால் அலைநீளத் தொலைவில். வெட்டும்போது முகக்கவசம், கையுறை, முழுக்கைச் சட்டை கட்டாயம்.

மூலை உறிஞ்சிக்கு அதே ஸ்லாபில் 0.6 மீட்டர் சதுரத்தை இரு மூலைவிட்டங்களிலும் வெட்டினால் நான்கு முக்கோணங்கள் கிடைக்கும். 10 அடிக்கு 61 முக்கோணம் அடுக்க வேண்டும். அடியில் இருப்பவை நசுங்காமல் இடையே ஒரு தாங்குபலகை கொடுங்கள்.

பக்கச் சுவரில் முதல் பேனலுக்கான இடத்தைக் கண்ணாடி சொல்லும். கேட்கும் இருக்கையில் நீங்கள் உட்காருங்கள். இன்னொருவர் காது உயரத்தில் முகம்பார்க்கும் கண்ணாடியைச் சுவரோடு ஒட்டி மெதுவாக நகர்த்தட்டும். ஸ்பீக்கரின் கூம்பு எந்த இடத்தில் தெரிகிறதோ, அதுவே ஒலி முதலில் மோதித் தெறிக்கும் இடம். அங்கே பென்சிலால் குறியுங்கள். இருக்கையை 12 அடி நீளத்தின் நடுவில் போடாதீர்கள். அங்கே 47 ஹெர்ட்ஸ் அமுங்கிவிடும். முன்சுவரிலிருந்து நான்கரை அடியில் தொடங்கி, முன்னும் பின்னும் நகர்த்திக் கேட்டுப் பாருங்கள்.

அதிகம் நடக்கும் பிழை, 1 அங்குல ஃபோமால் சுவர் முழுவதையும் மூடுவது. கைதட்டினால் படபடவென்ற எதிரொலி போயிருக்கும், அறை சரியாகிவிட்டது போலத் தோன்றும். உச்சச் சுரங்கள் மட்டும் செத்து, கீழே 'கும்'மென்ற இரைச்சல் அப்படியே இருக்கும். 10 அடி அகலமும் 10 அடி உயரமும் ஒன்றாக இருப்பதால் இரண்டு நிலை அலைகள் (எதிரெதிர்ப் பரப்புகளுக்கு இடையே மோதித் திரும்பி ஓரிடத்தில் நின்று அதிரும் அலைகள்) சுமார் 57 ஹெர்ட்ஸில் ஒன்றன்மேல் ஒன்று விழுகின்றன. அந்தச் சுரத்தின் கால் அலைநீளம் 1.5 மீட்டர், 1 அங்குலத்தால் அதைத் தொடவே முடியாது. மூலை உறிஞ்சியாலும் முழுவதும் அடங்காது, ஆனால் அதன் நீளும் வாலைக் குறைக்கும். முட்டை அட்டையும் ஃபோமைப் போல மேல்சுரங்களை மட்டுமே கொஞ்சம் மாற்றும். இரண்டுமே தீப்பிடிக்கக்கூடியவை, ஃபோம் எரிந்தால் வரும் புகை நச்சு.

கடையில் சவுண்ட் ப்ரூஃப் என்ற பேச்சையே எடுக்காமல், "48 அடர்த்தி, 50 எம்எம், ரெசின் போட்ட ராக்வூல் ஸ்லாப்" என்று கேளுங்கள். பேனல்களுக்கு மட்டும் 24 ஸ்லாப் வேண்டும். மூலைகளுக்கு வாங்குமுன், அந்தக் கடையின் ஸ்லாப் 1 மீட்டர் × 0.6 மீட்டர்தானா என்று அளந்து பார்த்துவிடுங்கள், அகலம் 0.5 மீட்டராக இருந்தால் முக்கோணக் கணக்கும் சட்ட அளவும் மாறும்.