கையை இழந்த இன்ஜின் டிரைவரும் நீதிபதி ஷாவும்

"கூட வேலை பார்த்தவன் செஞ்ச தப்புக்கு கம்பெனி எப்படி சார் பொறுப்பாகும்?" தொழிலாளர் இழப்பீட்டு வழக்குகளில் நான் அடிக்கடி கேட்கும் கேள்வி. அடிபட்டவரே அதை நம்பி, மனு போடாமல் இருந்துவிடுவதுதான் கொடுமை.

இந்த வாதம் 1837-இல் இங்கிலாந்தில் தலைகாட்டியது. அமெரிக்காவில் அதைக் கெட்டியான சட்டக் கொள்கையாக்கியவர் லெமுவேல் ஷா. 1781-இல் பாதிரியார் மகனாகப் பிறந்து, ஹார்வர்டில் படித்து, பாஸ்டனில் வக்கீலாக இருந்தவர். 1830 முதல் 1860 வரை மாசசூசெட்ஸ் மாநிலத் தலைமை நீதிபதி. நாவலாசிரியர் ஹெர்மன் மெல்வில் அவருடைய மருமகன்.

1837-இல் பாஸ்டன்-வூஸ்டர் ரயில்வேயில் நிக்கோலஸ் ஃபார்வெல் என்ற டிரைவரின் வண்டி தடம்புரண்டது. தண்டவாளத்தை மாற்றிவிட வேண்டிய ஊழியர் கவனிக்கவில்லை. ஃபார்வெலுக்கு வலது கை போனது. சம்பளம் நாளுக்கு 2 டாலர். 1842-இல் ஷா தீர்ப்பளித்தார்: ஆபத்துக்குச் சேர்த்துத்தான் கூடுதல் சம்பளம், சக ஊழியரின் அசட்டைக்குக் கம்பெனி பொறுப்பில்லை. பக்கத்து ஆள் சரியாக வேலை செய்கிறானா என்று தொழிலாளிகள் ஒருவரையொருவர் கவனித்துக்கொள்ளலாமாம். ஓடும் இன்ஜினில் நிற்பவர் தூரத்தில் இருக்கும் ஆளை எப்படிக் கவனிப்பார்? ஷா அதையும் யோசித்தார். ஆனாலும் முடிவை மாற்றவில்லை.

இத்தனைக்கும் தொழிலாளர்மேல் வெறுப்புக்கொண்டவர் அல்ல. அதே 1842-இல் பூட்ஸ் தைக்கும் தொழிலாளர்கள் வழக்கில், சங்கம் சேர்வது குற்றச் சதியாகாது என்று சொன்னவரும் அவரே. 1836-இல், எஜமானி பாஸ்டனுக்கு அழைத்து வந்த 6 வயது அடிமைச் சிறுமியை விடுவித்தார். ஆனால் 1850-இல் கறுப்பினக் குழந்தைகளுக்குத் தனிப்பள்ளி சரியென்றவரும் அவர்தான். 1855-இல் மாநிலச் சட்டமன்றம் அந்த முறைக்குத் தடை போட்டது.

ரயில்வே தீர்ப்பு மட்டும் அமெரிக்காவில் பல பத்தாண்டுகள் நிலைத்தது. மாசசூசெட்ஸிலேயே தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டம் 1911-இல்தான் வந்தது.

நம் நாட்டில் 1923-ஆம் ஆண்டு இழப்பீட்டுச் சட்டத்தில் 'சக ஊழியர் தவறு' என்ற இந்த வாதத்துக்கு இடமே இருக்கவில்லை. 2025 நவம்பரில் அதற்குப் பதிலாக அமலுக்கு வந்த சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பிலும் இல்லை. சிவில் வழக்குகளிலும் 1938-இல் எடுத்துவிட்டார்கள். அதனால் கிரேன் ஓட்டியவர் தவறென்று சூப்பர்வைசர் சொன்னாலும் மனு போடுங்கள். விபத்து நடந்து 2 வருடத்துக்குள் போட்டுவிட வேண்டும். 'இனி எதுவும் கேட்கமாட்டேன்' என்று முன்பே எழுதி வாங்கியிருந்தாலும் அது செல்லாது. ஈஎஸ்ஐ (தொழிலாளர் அரசுக் காப்பீடு) பதிவு உள்ளவர்களுக்கு மட்டும் வழி வேறு: அவர்கள் ஈஎஸ்ஐ கழகத்திடம்தான் கேட்க வேண்டும்.