ஸ்டேப்ளர் பின் ஏன் மடங்குகிறது?

ஸ்டேஷனரி கடையில் போய் ஒரு பெட்டி ஸ்டேப்ளர் பின் கேட்டால், "சின்னதா, பெரிசா?" என்பார் கடைக்காரர். நாமும் குத்துமதிப்பாக ஒன்றைச் சொல்லி வாங்கி வந்துவிடுகிறோம். போட்டுப் பார்த்தால் பின் உள்ளே உட்காராது. உட்கார்ந்தாலும் கால் மடங்கி, தாளின் மேலேயே நசுங்கிக் கிடக்கும். உடனே ஸ்டேப்ளரைத் திட்டுவோம். பாதிக்குப் பாதி நேரம் அது செய்த தப்பே இல்லை. பெட்டியில் அச்சிட்டிருக்கும் இரண்டு எண்களை நாம் படிப்பதில்லை, அவ்வளவுதான்.

24/6, 26/6, 23/13 என்று போட்டிருப்பார்களே, அதில் முதல் எண் கம்பியின் கேஜ், அதாவது தடிமனைக் குறிக்கும் எண். கேஜ் கூடினால் கம்பி மெலியும். 24-ஐ விட 26 ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு மெலிது. 23 சற்றுத் தடிமன். இரண்டாவது எண், தாளைத் துளைத்து இறங்கும் காலின் நீளம், மில்லிமீட்டரில். 24/6, 26/6 இரண்டிலும் கால் 6 மி.மீ., இரண்டு கால்களையும் இணைக்கும் முதுகின் அகலம் சுமார் 13 மி.மீ. அதனால்தான் பல ஸ்டேப்ளர்கள் இரண்டையும் ஏற்கும்.

நம்மூரில் வீட்டுக்கு வீடு இருக்கும் நம்பர் 10 இந்த முறைக்குள் வராது. அந்த 10 கேஜும் இல்லை, நீளமும் இல்லை. அளவுக்கு வைத்த பெயர், அவ்வளவே. ஜப்பானின் மேக்ஸ் நிறுவனம் 1950-களின் தொடக்கத்தில் கொண்டுவந்த கையடக்க ஸ்டேப்ளரோடு பரவிய அளவு அது. முதுகு 9 மி.மீ. அளவு, கால் 5 மி.மீ. அளவு. 24/6 இயந்திரத்தில் இதைப் போட்டால் உள்ளே லொடலொடவென்று ஆடும். 24/6 பின்னை நம்பர் 10 இயந்திரத்தில் போட்டால் நுழையவே நுழையாது.

சரி, எத்தனை தாளுக்கு எந்தப் பின்? ஜெராக்ஸ் கடையில் போடும் 75, 80 ஜிஎஸ்எம் (ஒரு சதுர மீட்டருக்கு இத்தனை கிராம் எடை) தாள் ஒன்று ஏறக்குறைய 0.1 மி.மீ. தடிமன். 20 தாள் சேர்ந்தால் 2 மி.மீ. 6 மி.மீ. கால் அதைத் துளைத்து மறுபக்கம் வந்ததும் 4 மி.மீ. மிஞ்சும். மடங்கிப் பிடிக்க அது தாராளம். 30 தாளில் 3 மி.மீ. மிஞ்சும், பரவாயில்லை. அதற்கு மேல் திணித்தால் நுனி மட்டும் லேசாக வளையும், கட்டைப் புரட்டும்போதே கழன்று வரும். மடிப்புக்குக் குறைந்தது 3 மி.மீ. வேண்டும் என்று வைத்துக்கொண்டால், பெரிய பின் பெட்டிகளில் போடும் தாள் எண்ணிக்கை எங்கிருந்து வருகிறது என்று தெரிந்துவிடும். 23/8-க்கு 50 தாள், 23/10-க்கு 70, 23/13-க்கு 100. கால் நீளத்தில் மூன்றைக் கழித்துப் பத்தால் பெருக்கிப் பாருங்கள். கெட்டி அட்டை வைத்தால் அதன் தடிமனுக்கு ஏற்பக் குறைத்துக்கொள்ள வேண்டும்.

நீளமான பின் எல்லாவற்றுக்கும் உதவுமே என்று 23/13-ஐப் பத்துத் தாளுக்கு அடித்தால், மிஞ்சிய 12 மி.மீ. கால்கள் ஒன்றின் மேல் ஒன்று ஏறும், நுனி பக்கவாட்டில் நீட்டிக்கொண்டு நிற்கும், விரலைக் கிழிக்கும்.

மெல்லிய கம்பியிலேயே நீளக் கால் வைத்தால் என்ன என்று ஒரு கேள்வி வரலாம். ஈர்க்குச்சியை நுனிக்கு அருகில் பிடித்துக் குத்தினால் இறங்கும். தள்ளிப் பிடித்துக் குத்தினால் வளைந்துபோகும். பின்னின் காலுக்கும் அதே கதிதான். மேலிருந்து அமுக்கப்படும் ஒல்லியான தூண் எவ்வளவு சுமையில் வளையும் என்பதை 18-ஆம் நூற்றாண்டில் கணிதவியலாளர் லியோனார்ட் ஆய்லர் கணக்கிட்டார். நீளம் இரு மடங்கானால் தாங்கும் சுமை நான்கில் ஒன்றாகிறது. விட்டம் குறைந்தால் அடி இன்னும் பலம்: உருண்டைக் கம்பியின் தாங்குதிறன் விட்டத்தின் நான்காம் அடுக்கைப் பொறுத்தது. 26 கேஜ் ஐந்தில் ஒரு பங்குதான் மெலிது என்றேன் அல்லவா? 0.8-ஐ நான்கு முறை பெருக்கினால் 0.41. பார்வைக்கு அநேகமாக ஒன்றுபோல இருக்கும் இரண்டு பின்களில் ஒன்று மற்றதில் பாதிச் சுமையைக்கூடத் தாங்காது. 26/6-ஐ 10, 15 தாளோடு நிறுத்திக்கொள்வதே நல்லது. 13, 17, 24 மி.மீ. கால்கள் 23 கேஜில் வருவதற்கும் இதுதான் காரணம்.

அந்தத் தடிமன் கம்பியும் தனியாக நின்றால் வளையும். ஸ்டேப்ளரின் முன்வாயில் ஒரு ஒடுங்கிய பிளவு இருக்கிறது. கால் அதன் சுவரை ஒட்டியே இறங்குவதால் பக்கவாட்டில் வளைய இடம் கிடைப்பதில்லை. நுனி தாளுக்குள் போன பிறகு தாளே அதைப் பிடித்துக்கொள்கிறது. ஆபத்தான கட்டம் வாய்க்கும் தாளுக்கும் நடுவில் உள்ள இடைவெளிதான். ஆகவே தலையைத் தாளின் மேல் பொருத்தி வைத்துவிட்டு ஒரே அழுத்தாக அழுத்த வேண்டும். பாதி அழுத்தி யோசித்தால் பின் போச்சு.

உள்ளே நடப்பது இதுதான். பின்கள் பசையால் ஒட்டிய பட்டையாக இருக்கின்றன. பின்னாலிருந்து ஒரு சுருள்வில் பட்டையை முன்னோக்கித் தள்ளுகிறது. மேலிருந்து இறங்கும் மெல்லிய இரும்புத் தகடு முதல் பின்னை மட்டும் பிய்த்துக் கீழே தள்ளுகிறது. இந்தப் பசை சாதாரண விஷயமில்லை. அமெரிக்காவில் ஜார்ஜ் மெக்கில் 1879-ல் காப்புரிமை பெற்ற அழுத்துக் கருவியில் ஒவ்வொரு முறையும் ஒரு பின்னைக் கையால் வைக்க வேண்டும். 1890-களில் ஹாட்ச்கிஸ் நிறுவனம் பட்டையாகப் பின் போடும் இயந்திரத்தைக் கொண்டுவந்தது. ஆனால் பின்கள் ஒன்றோடொன்று கெட்டியாக இணைந்திருந்ததால், ஒன்றைப் பிரிக்க ஓங்கி அடிக்க வேண்டியிருந்தது. பிடித்தும் இருக்க வேண்டும், லேசாகத் தட்டினால் விடவும் வேண்டும் என்ற பக்குவத்தைப் பசைதான் தந்தது.

பின்னைத் தள்ளும் தகட்டின் தடிமன் ஒரு பின்னின் தடிமனுக்கு ஏற்பச் செய்யப்பட்டது. மலிவாகக் கிடைக்கும் பின்களில் கம்பி ஒரே சீராக இல்லாவிட்டால் தகடு அடுத்த பின்னின் ஓரத்தையும் சேர்த்துப் பிடிக்கும். இரண்டும் வாயில் சிக்கிக்கொள்ளும். பின் பெட்டியில் நாலு ரூபாய் மிச்சம் பிடிப்பதில் எனக்கு நம்பிக்கை இல்லை.

இன்னொரு சிக்கல் அமைப்பிலேயே இருக்கிறது. தலை நேராக இறங்குவதில்லை, பின்பக்க அச்சைச் சுற்றி வில்லாக இறங்குகிறது. கட்டு தடிக்கத் தடிக்கத் தலை சாய்ந்து நிற்கும், கால் சாய்வாக நுழையும், அடித்தட்டின் பள்ளத்தைத் தவறவிடும். காலை உள்பக்கம் சுருட்டுவது அந்தப் பள்ளம்தான்; அதைத் தவறவிட்ட கால் கன்னாபின்னாவென்று போகும். அழுத்தும் இடமும் முக்கியம். அச்சிலிருந்து எவ்வளவு தள்ளி அழுத்துகிறோமோ அவ்வளவு விசை கிடைக்கும், எனவே முன்நுனியில் அழுத்துங்கள். பலர் நடுவில் குத்துவிட்டு ஏமாறுகிறார்கள். குறைந்த விசை போதும் என்று விற்கும் ரகங்களில் உள்ளே இரண்டாவது நெம்புகோல் ஒன்று இருக்கும். நாள் முழுக்க பில் அடித்துச் சேர்ப்பவர்களுக்கு அது காசு கொடுக்கத் தகுந்தது.

பல மேசை ஸ்டேப்ளர்களில் அடித்தட்டைத் திருப்பி வைக்கலாம். அப்போது கால்கள் வெளிப்பக்கமாக விரியும். பிடிப்பு குறைவு, ஆனால் ஒரு பக்கமாக இழுத்தால் தாள் கிழியாமல் வந்துவிடும். நாளைக்கே பிரிக்கப்போகும் தாள்களுக்கு அது நல்லது.

பின் என்பது பெரும்பாலும் துத்தநாகம் பூசிய இரும்பு. ஈரமும் உப்புக்காற்றும் உள்ள கடலோர ஊர்களில் பூச்சு சீக்கிரம் தேய்ந்து, பழைய பத்திரத்தின் மூலையில் காவி நிறக் கறை படிவதைப் பார்த்திருப்பீர்கள். பல வருடம் வைக்க வேண்டிய ஆவணத்துக்கு ஸ்டேப்ளர் பின்னே அடிக்காமல் உறையில் போடுவது உத்தமம். அடித்தே ஆகவேண்டும் என்றால் துருப்பிடிக்காத எஃகுப் பின் வாங்குங்கள். ரூபாய்க் கட்டுகளில் பின் அடித்துக்கொண்டிருந்த வங்கிகளை 2001-ல் ரிசர்வ் வங்கி அதைக் கைவிட்டுக் காகிதப் பட்டை போடச் சொன்னது. பிரிக்கும்போது நோட்டு கிழிந்து ஆயுள் குறைகிறது என்பதே காரணம். தேயிலைப் பைகளில் ஸ்டேப்ளர் பின் கூடாது என்று இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2017-ல் உத்தரவிட்டது. முறுக்கு, மிக்ஸர் பாக்கெட்டின் வாயை வீட்டில் பின் அடித்து மூடும் பழக்கத்தையும் விட்டுவிடலாம். பிரிக்கும் அவசரத்தில் பின் எங்கே தெறிக்கும் என்று யாருக்கும் தெரியாது. ரப்பர் பேண்டு போதும்.

வாங்குவதைப் பொறுத்தவரை, பள்ளிக்கூட வேலையும் மின்கட்டண ரசீதும் உள்ள வீட்டுக்கு நம்பர் 10 போதும், அது ஏழெட்டுத் தாளைச் சுத்தமாகப் பிடிக்கும். ஆபீஸ் மேசைக்கு 24/6. நூறு தாள் கட்டு வந்துபோகும் இடத்தில் 23 ரகப் பெரிய ஸ்டேப்ளர் மொத்த அலுவலகத்துக்கும் ஒன்று இருந்தால் சரி. கடையிலேயே சோதித்து வாங்குங்கள். தலையைப் பிடித்துப் பக்கவாட்டில் ஆட்டிப் பாருங்கள். ஆட்டம் இருந்தால் கால் பள்ளத்தில் விழாது. அப்புறம் இரண்டே தாளில் ஒரு தடவை, அது தாங்கும் என்று சொல்லும் முழு அளவில் ஒரு தடவை அடித்துத் திருப்பிப் பாருங்கள். இரண்டிலும் கால்கள் முதுகுக்கு நேராக, ஒன்றையொன்று பார்த்தபடி மடங்கியிருந்தால் தாராளமாக எடுத்துக்கொள்ளலாம்.