அந்தச் சரிகைக் கரையைப் போட்டது யார்?

பழைய எண்ணெய்வண்ண ஓவியங்களைச் செப்பனிடுவது என் தொழில். வடசென்னையில் ஒரு பழைய பெண்கள் விடுதி; அதை நிறுவிய சீர்திருத்தவாதியின் படம் கூடத்தில் தொங்குகிறது. “அய்யா முகம் மங்கிவிட்டது, அம்மா. புதிதுபோல் பளிச்சென்று ஆக்கிக் கொடுங்கள்” என்றார் செயலாளர். இந்தப் ‘பளிச்’தான் எனக்குப் பயம்.

ஒவ்வோர் ஆயுத பூஜைக்கும் அந்தப் படத்தை ஈரத்துணியால் துடைத்திருக்கிறார்கள். பழைய வண்ணப்பூச்சில் மயிரிழை வெடிப்புகள் இருக்கும். நீர் அவற்றின் வழியே இறங்கி அடியிலுள்ள பசையை ஊறவைக்கும். கித்தான் சுருங்கும், காய்ந்து இறுகிய வண்ணம் கூடவே சுருங்காது, செதில் செதிலாகக் கிளம்பிவிடும். பளபளப்புக்குத் தேங்காய் எண்ணெய் வேறு. ஓவியர்கள் கலப்பது ஆளிவிதை எண்ணெய். அது காற்றுப்பட்டு இறுகிவிடும். தேங்காய் எண்ணெய் இறுகாமல் பிசுபிசுவென்று நின்று தூசியையெல்லாம் பிடித்துக்கொள்ளும். மங்கிய முகத்தின் ரகசியம் பாதி அதில்தான் இருந்தது. நினைவுநாள் மாலையிலிருந்து சொட்டிய நீர் நெற்றியில் கோடாக இறங்கியிருந்தது. மாலையைப் படத்துக்குக் கீழே ஒரு முக்காலியில் வைத்தால் அய்யா கோபித்துக்கொள்ள மாட்டார்.

படம் தொங்கியது வெளிச்சுவரில். ஐப்பசி மழையில் ஊறும் சுவர் அது. சட்டத்தின் பின்மூலைகளில் தக்கைத் துண்டு ஒட்டிக் காற்றுக்கு வழிவிட்டாலே பூஞ்சை பாதி குறையும். உள்சுவருக்கு மாற்றினால் இன்னும் நல்லது.

மங்கியது, விட்டுப்போனது எல்லாவற்றையும் வண்ணம் கொண்டு நிரப்பிவிட வேண்டும் என்பவர்களிடம் லண்டன் தேசிய உருவப்பட அரங்கில் உள்ள ஒரு படத்தைக் காட்டுவேன். அடிமை வணிகத்தை ஒழிக்கும் 1807ஆம் ஆண்டுச் சட்டத்துக்காகப் போராடிய வில்லியம் வில்பர்ஃபோர்ஸை, தாமஸ் லாரன்ஸ் 1828இல் வரையத் தொடங்கினார். தலை முடிந்தது, உடல் வெறும் கோட்டுருவாக நின்றுவிட்டது. லாரன்ஸ் 1830இல் இறந்தார். 1857இல் அரங்குக்கு வந்த அந்தப் படத்துக்கு இன்றுவரை யாரும் கோட்டு தைத்துப் போடவில்லை. நம் ஊராக இருந்தால் பொத்தான் வரை வரைந்து முடித்திருப்போம்.

விடுதிப் படத்தை இருட்டறையில் புறஊதா விளக்கில் பார்த்தேன். பழைய வார்னிஷ் பச்சையாக மினுங்கியது. தோளில் கிடந்த துண்டின் ஓரம் மட்டும் கரும்பட்டையாக நின்றது. பின்னாளில் யாரோ பூசிய வண்ணம் அப்படித்தான் தெரியும். உருப்பெருக்கியில் பார்த்தால் அதன் அடியில் வெறும் வெள்ளைத் துண்டு. எளிமையே கொள்கையென்று வாழ்ந்தவருக்கு யாரோ சரிகை போட்டுவிட்டிருக்கிறார்கள்.

செயலாளர் வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். “அழகாகத்தானே இருக்கிறது?” என்றார். பிறகு, “கமிட்டியைக் கேட்க வேண்டும்” என்றார்.

கமிட்டி அடுத்த மாதம் கூடுகிறது. அதுவரை துண்டின் பக்கம் என் பஞ்சு போகாது.