ரீஃப் என்றால் பவளப்பாறைதானா?

ஐரோப்பாவின் வடகடலில் நடக்கும் மீன்பிடி பற்றிய ஓர் ஆங்கில அறிக்கையின் தமிழாக்கம் சரிபார்க்க வந்தது. தலைப்பு: 'பாதுகாக்கப்பட்ட கடலோரப் பவளப்பாறைகளில் மீன்பிடித் தாக்க மேலாண்மை'. படிக்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்த இடம் கடலோரம் இல்லை, கரையிலிருந்து வெகுதூரம் தள்ளி இருக்கிறது. அங்கே பவளமும் இல்லை. இருப்பது ஒரு புழு கட்டிய மணல் திட்டு.

குழப்பத்துக்குக் காரணம் மூலத்தில் இருந்த 'ரீஃப்'. நாம் பள்ளிப் புத்தகத்தில் இந்தச் சொல்லைச் சந்தித்ததே ஆஸ்திரேலியாவின் பவளத் திட்டுகளோடுதான். அதனால் ரீஃப் என்றதும் கை தானாகப் பவளப்பாறை என்று எழுதிவிடுகிறது. சொல்லின் பிறப்பில் பவளம் கிடையாது. பழைய வடஜெர்மானிய மொழியில் 'ரிஃப்' என்றால் விலா எலும்பு. கடல்மட்டத்துக்குக் கீழே விலாவைப் போலப் புடைத்து நிற்கும் மேட்டை வடகடல் மாலுமிகள் அப்படி அழைத்தார்கள். டச்சு வழியாக அது ஆங்கிலத்துக்குப் போனது. கப்பலின் அடியைக் கிழிக்கும் மேடு என்பதுதான் அவர்களுடைய கவலை. அது கல்லா பவளமா என்று யாரும் பார்க்கவில்லை.

ஐரோப்பியச் சட்டமும் இதே அகன்ற பொருளைத்தான் எடுத்துக்கொண்டது. 1992ஆம் ஆண்டின் வாழிட ஆணையில் 'ரீஃப்' ஒரு தனி வாழிட வகை, எண் 1170. கடலடியிலிருந்து எழும் பாறை இதில் அடங்கும், பெருங்கற்கள் குவிந்த தரை அடங்கும், உயிரினங்கள் கட்டி எழுப்பியவையும் அடங்கும். இங்கிலாந்தின் நார்ஃபோக் கரைக்கு அப்பால் 2002இல் கண்டறியப்பட்ட சாட்டர்ன் திட்டு கடைசி வகை. ஸபெல்லாரியா என்ற சிறு புழு மணலைத் துகள் துகளாக ஒட்டித் தனக்கு ஒரு குழல் கட்டிக்கொள்ளும். ஆயிரக்கணக்கான குழல்கள் ஒன்றோடொன்று சேர்ந்து இறுகினால் திட்டு. 2003இல் அளந்தபோது சுமார் 750 மீட்டருக்கு 500 மீட்டர் பரப்பில் அது பரவியிருந்தது. பின்னால் தேடிப் போனவர்களுக்கு அந்த அளவில் அது அகப்படவில்லை. குழல்கள் எளிதில் நொறுங்குபவை. மேலே இரும்புச் சங்கிலியோடு ஒரு வலை இழுபட்டுப் போனால் என்ன மிஞ்சும்?

சரி, இதற்குத் தமிழில் என்ன சொல்வது? புதிதாக ஒன்றும் ஆக்க வேண்டாம். நம் கடற்கரையில் சொல் இருக்கிறது: பார்.

மன்னார் வளைகுடாவில் முத்துச்சிப்பி விளையும் இடங்களுக்குப் பார் என்றுதான் பெயர். தூத்துக்குடிக்கு எதிரே தொலையிரம் பார். இலங்கைப் பக்கம், அரிப்புக்கு எதிரே பெரிய பார், சேவல் பார். இவற்றில் பல, மணல் நடுவே கிடக்கும் தட்டையான கல்தரைகள். சிப்பி ஒட்டிக்கொள்ளக் கெட்டியான இடம் வேண்டும், அவ்வளவுதான். சேறும் மணலும் அல்லாத கெட்டித்தரை பார். அங்கே கலவா மீன் கிடக்கும், வலை சிக்கும். சொல்லும் பழையது. புறநானூற்றின் 14ஆம் பாட்டில் கபிலர் 'பாருடைத்த குண்டகழி' என்கிறார். வன்னிலத்தை உடைத்துத் தோண்டிய ஆழமான அகழி அது. பார் என்றால் உலகம் என்று மட்டும் படித்தவர்களுக்கு இந்த வரி கொஞ்சம் இடறும். விலா எலும்பிலிருந்து வந்த சொல்லும் வன்னிலத்திலிருந்து வந்த சொல்லும் கடலுக்கு அடியில் ஒரே பொருளில் வந்து நிற்கின்றன. ஒன்று, எழுதும்போது பார், பாறை இரண்டையும் குழப்பிவிடக் கூடாது. ரகரம் வேறு, றகரம் வேறு.

அப்படியானால் பவளப்பாறை என்ற சொல்லை விட்டுவிடலாமா? வேண்டாம். பவளம் உள்ள இடத்தில் அது இருக்கட்டும். ஸ்காட்லாந்தின் வடமேற்கே ஏறத்தாழ ஆயிரம் மீட்டர் ஆழத்தில் டார்வின் மேடுகள் இருக்கின்றன. 1998இல் கண்டறியப்பட்டவை. வெயிலே எட்டாத குளிர்நீரில் வளரும் பவளம் அவற்றின் உச்சியில் இருக்கிறது. இழுவை வலை பட்டு உடைந்த தடயங்கள் தெரியவந்த பிறகு, 2003இல் ஐரோப்பிய ஆணையம் அங்கே அவசரத் தடை போட்டது. மறு ஆண்டு அது நிரந்தரமானது. அதைப் பவளப்பாறை என்றே எழுதலாம்.

அடுத்தது 'கடலோர'. மூலத்தில் இருந்த 'ஆஃப்ஷோர்' என்ற சொல் இதற்கு நேர் எதிர். இங்கிலாந்தில் கரையிலிருந்து 12 கடல் மைலுக்கு, அதாவது சுமார் 22 கிலோமீட்டருக்கு அப்பாற்பட்ட கடலைத்தான் அது குறிக்கும். புறக்கடல் என்றால் போதும். ஆழ்கடல் என்பது சரிவராது, வடகடல் பல இடங்களில் ஆழமே இல்லை. இந்த எல்லைக்கோடு வெறும் சொல் விவகாரமும் அல்ல. ஐரோப்பிய ஒன்றியத்தில் இருந்தவரை, புறக்கடலில் தடை போட அங்கே மீன்பிடிக்கும் மற்ற நாடுகளின் இசைவும் தேவைப்பட்டது. 2020ஆம் ஆண்டின் மீன்வளச் சட்டத்துக்குப் பிறகுதான் இங்கிலாந்து தானே துணைவிதி போட முடிந்தது. 2024 மார்ச்சில் சாட்டர்ன் உட்பட 13 காப்பிடங்களில், பார் உள்ள பகுதிகளில் தரையில் இழுபடும் வலைகளுக்குத் தடை வந்தது.

கவனியுங்கள், தடை இழுபடும் வலைகளுக்கு மட்டும். நண்டுக்கும் சிங்கி இறாலுக்கும் கூடு இறக்குபவரை இந்த விதி தொடவில்லை. 'மீன்பிடித் தாக்க மேலாண்மை' என்ற தொடர் இந்த வேறுபாட்டை விழுங்கிவிடுகிறது. படிப்பவர் மீன்பிடிப்பையே நிறுத்திவிட்டார்கள் என்று நினைப்பார். இப்படித் தரையில் இழுபடும் வலைக்கு இழுவைமடி என்ற சொல் ஈழத்துக் கரையில் அன்றாடம் புழங்குகிறது, அதையே எடுத்துக்கொள்ளலாம். தடைப்பகுதி பாரின் விளிம்போடு நிற்பதில்லை, சுற்றிலும் ஒரு இடைவெளி விடுவார்கள். மடி படகுக்கு வெகுதூரம் பின்னால் வருவது, கயிறு மட்டுமே ஆழத்தைப்போல் மூன்று மடங்கு நீளம் போகும். படகு பாரைத் தாண்டிவிட்டதாகத் திரையில் காட்டும்போது மடி இன்னும் பாரின் மேலேயே கிடக்கலாம்.

'புறக்கடல் பார்களில் இழுவைமடிக் கட்டுப்பாடு' என்று தலைப்பைத் திருத்தி அனுப்பினேன். அரை மணி நேரத்தில் பதில் வந்தது: "சார், நடுக்கடலில் பார் நடத்துகிறார்களா?" அப்புறம் 'கடற்பார்' என்று மாற்றிக் கொடுத்தேன்.