ராக்கெட் கிட் வாங்குமுன்: சரிபார்ப்பு மேசையிலிருந்து சில வார்த்தைகள்

மாதத்தில் ஒரு சனிக்கிழமை, விடிவதற்கு முன்பே தண்ணீர் கேன், மடக்கு நாற்காலி, இட்லிப் பொட்டலம் எல்லாவற்றையும் காரில் ஏற்றிக்கொண்டு தென் கலிபோர்னியாவின் மொஹாவே பாலைவனத்துக்குக் கிளம்பிவிடுவேன். அங்கே காய்ந்து வெடித்த ஓர் ஏரிப்படுகை இருக்கிறது. கண்ணுக்கெட்டிய தூரம் வரை மரம், வீடு, மின்கம்பி எதுவும் கிடையாது. வார நாட்களில் எனக்கு இயந்திரப் பொறியாளர் வேலை. அந்தச் சனிக்கிழமைகளில் மட்டும் ராக்கெட் மன்றத்தின் சரிபார்ப்பு மேசையில் உட்காருவேன். என் கையெழுத்து இல்லாமல் எந்த ராக்கெட்டும் ஏவுதண்டுக்குப் போகாது.

கொஞ்ச காலமாக மேசைக்கு வரும் வரிசையில் தமிழ்க் குடும்பங்கள் கூடியிருக்கின்றன. மகிழ்ச்சிதான். ஆனால் வருகிறவர்களில் பாதிப் பேர் கேட்கிற முதல் கேள்வி, "அண்ணா, இது எவ்வளவு உயரம் போகும்?" எப்படிக் கீழே வரும் என்று முதலில் கேட்டவர் இதுவரை ஒருவர்கூட இல்லை. இதை எழுத உட்கார்ந்ததே அதனால்தான்.

முதலில் அளவைச் சொல்லிவிடுகிறேன். ராக்கெட் மோட்டார்களுக்கு ஆங்கில எழுத்து வரிசையில் பெயர். ஒவ்வோர் எழுத்துக்கும் மொத்த உந்தத்தின் (சராசரி விசையை எரியும் நேரத்தால் பெருக்கிய அளவு) உச்சவரம்பு முந்தையதைப்போல இரண்டு மடங்கு. பள்ளிப் பிள்ளைகள் மைதானத்தில் விடும் சி மோட்டாரின் வரம்பு 10 நியூட்டன்-வினாடி. எச் மோட்டார் 160-க்கு மேல் தொடங்கி 320 வரை போகும். இந்த எச்-சிலிருந்துதான் 'ஹை பவர்' கணக்கு. அமெரிக்காவில் இந்த மோட்டாரை வாங்கிப் பறக்கவிட 18 வயது ஆகியிருக்க வேண்டும், சான்று வேண்டும், இடத்துக்கு விமானப் போக்குவரத்துத் துறையின் அனுமதி வேண்டும். முதல் நிலைச் சான்றுக்கான தேர்வு எளிது: ராக்கெட்டை நீங்களே கட்ட வேண்டும், எச் அல்லது ஐ மோட்டாரில் பறக்கவிட வேண்டும், பழுதுபார்க்காமலே மறுபடியும் பறக்கும் நிலையில் அது திரும்பி வர வேண்டும். உயரத்துக்கு மதிப்பெண்ணே இல்லை, கவனித்தீர்களா?

கிட் பெட்டியைப் பிரித்தால் தடித்த அட்டைக் குழாய்கள், பிளைவுட் வால்சிறகுகள், மோட்டாரைப் பிடித்துக்கொள்ளும் உள்குழாய், அதை நடுவில் நிறுத்தும் வளையங்கள், பிளாஸ்டிக் மூக்குக் கூம்பு, பாராசூட், அதை உடலோடு கட்டும் நீண்ட நாடா இவ்வளவுதான் இருக்கும். கட்டுவது கஷ்டமில்லை. சிறகை வெளிக்குழாயின் பிளவு வழியாக உள்ளே செலுத்தி, உள்குழாயோடு எப்பாக்சி வைத்து ஒட்ட வேண்டும். ஒட்டும் முன் உப்புத்தாள் போட்டுப் பளபளப்பை எடுத்துவிடுங்கள். ஐந்து நிமிடத்தில் இறுகும் பசையை இங்கே நான் விடமாட்டேன்; அரை மணி நேரப் பசைதான். சிறகின் ஓரத்தைப் பிடித்து ஆட்டிப் பார்ப்பேன், லேசாக 'க்ளிக்' என்றாலும் திருப்பி அனுப்பிவிடுவேன். இந்த இடத்தில் தவறுகிறவர்கள் குறைவு. எல்லாரும் சிறகுகளைத்தான் ஆசை ஆசையாகச் செய்கிறார்கள்.

ராக்கெட் நேராகப் போகுமா என்பதைத் தீபாவளி பார்த்த யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. குச்சி உடைந்த ராக்கெட்டைப் பாட்டிலில் வைத்துக் கொளுத்தினால் அது எதிர்வீட்டு மாடிக்குள் போகும். அந்தக் குச்சியின் வேலையைத்தான் இங்கே சிறகுகள் செய்கின்றன. எடை மையம் முன்னாலும், காற்று தள்ளும் மையம் பின்னாலும் இருக்க வேண்டும். இரண்டுக்கும் இடையே குறைந்தது குழாயின் ஒரு விட்டம் அளவு தூரம். 10 சென்டிமீட்டர் குழாய் என்றால் 10 சென்டிமீட்டர். வீட்டில் மோட்டார் இல்லாமல் விரல்மேல் வைத்து எடை மையத்தைக் குறித்துக்கொண்டு வருவார்கள். மோட்டாரைப் போட்டதும் வால் கனத்து அந்தப் புள்ளி பின்னால் நகர்ந்துவிடும். அதனால் மோட்டாரோடுதான் பார்க்க வேண்டும்.

உந்துவிசையும் ஒரே வரிக் கணக்கு. மோட்டாரின் சராசரி விசை, கிளம்பும்போது ராக்கெட்டுக்கு இருக்கும் எடையைப்போல மூன்று மடங்காவது இருக்க வேண்டும் என்பது விதி. நான் ஐந்து மடங்கு கேட்பேன். மெதுவாகக் கிளம்பும் ராக்கெட் காற்று வரும் பக்கம் மூக்கைத் திருப்பிக்கொண்டு படுத்துவிடும். காற்று மணிக்கு 32 கிலோமீட்டரைத் தாண்டினால் யாருக்குமே அனுமதி இல்லை.

சரி, இப்போது இறங்கும் கதைக்கு வருகிறேன்.

கிட்டத்தட்ட 1.8 கிலோ எடை, 10 சென்டிமீட்டர் குழாய், 400 மீட்டர் உயரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். பாராசூட் விரிந்தால் வினாடிக்கு ஐந்தாறு மீட்டரில் ஆடி அசைந்து வரும். விரியாவிட்டால் மூக்கு கீழே பார்க்க, காற்றுத் தடையையும் சேர்த்துக் கணக்குப் போட்டால், தரையைத் தொடும்போது மணிக்கு 250 கிலோமீட்டர். அட்டைதானே என்று நினைக்காதீர்கள். களிமண் தரையில் முக்கால் குழாய் புதைந்து, சிறகு மட்டும் வெளியே தெரிந்த ராக்கெட்டுகளை மண்வெட்டி வைத்துத் தோண்டி எடுத்திருக்கிறோம். நிழலுக்குக் கட்டியிருக்கும் துணிப்பந்தல் அதன் முன்னால் ஒன்றுமே இல்லை.

அதனால் என் மேசையில் அதிக நேரம் போவது இந்தப் பக்கத்துக்குத்தான். ராக்கெட்டை மூக்கைப் பிடித்துத் தூக்குவேன். சொந்த எடையில் உடல் கழன்று விழக்கூடாது. லேசாக உதறினால் கழல வேண்டும். தளர்வாக இருந்தால் மாஸ்கிங் டேப் ஒரு சுற்று, இறுக்கமாக இருந்தால் ஒரு சுற்று உரித்துவிடு. அப்புறம் நாடாவை இரண்டு கையாலும் பிடித்து முழு பலத்தோடு இழுப்பேன். போன குளிர்காலத்தில் ஓர் அப்பாவும் ஒன்பதாம் வகுப்பு மகளும் வந்தார்கள். ராக்கெட்டுக்கு மயில் நீலத்தில் அப்படி ஒரு வண்ணப்பூச்சு, கண்ணாடி மாதிரி. நான் இழுத்த இழுப்பில் நாடாவின் முடிச்சு வளையத்திலிருந்து உருவிக்கொண்டு என் கையோடு வந்துவிட்டது. அந்தப் பெண்ணின் முகம் வாடிப்போயிற்று. "அங்கிள், நாங்க ரெண்டு முடிச்சு போட்டோமே" என்றாள். போட்டிருந்தார்கள்தான். வழுக்கும் நைலான் நாடாவில் சாதாரண முடிச்சு நிற்காது. அங்கேயே உட்கார்ந்து சரியான முடிச்சைப் போட்டு, நுனியைத் தைத்து, ஒரு துளி எப்பாக்சி வைத்தோம். அது காயும் வரை இட்லி சாப்பிட்டார்கள்.

பாராசூட்டைப் பற்றியும் சொல்ல வேண்டும். முந்தின நாள் ராத்திரியே மடித்துத் திணித்துவிட்டு வருகிறவர்கள் அதிகம். பாலைவனக் குளிரில் காருக்குள் கிடந்த பிளாஸ்டிக் பாராசூட், மடித்த வடிவத்திலேயே விறைத்துப்போய், வெளியே வந்தும் சுருட்டாகவே விழும். வந்த பிறகு பிரித்து, குழந்தைகளுக்குப் போடும் பவுடரைத் தூவி, மறுபடி தளர்வாக மடியுங்கள். பாராசூட்டைத் தள்ளுவது கருமருந்தின் சூடான வாயு. தீப்பிடிக்காத துணி ஒன்றை நடுவில் வைக்க மறந்தால் பாராசூட் உருகி ஒட்டிக்கொள்ளும்.

இனி நேரம். மோட்டாரின் மேல் எச்128டபிள்யூ-14 என்று போட்டிருக்கிறது என்றால், எச் உந்த வகை, 128 நியூட்டன் சராசரி விசை, டபிள்யூ எரிபொருளின் வகை. கடைசியில் வரும் 14 என்பது எரிந்து முடிந்த பிறகு பாராசூட்டைத் தள்ளும் மருந்து வெடிக்க எடுக்கும் வினாடிகள். அந்த 14 உச்சவரம்புதான். உங்கள் ராக்கெட் எத்தனை வினாடியில் உச்சிக்குப் போகும் என்று கணினியில் பார்த்து, அதற்கேற்பத் தாமதக் கட்டியை (மெதுவாக எரிந்து அந்த வினாடிகளைக் கடத்தும் மருந்துத் துண்டு) துளைத்துக் குறைத்துக்கொள்ள வேண்டும். அதற்கென்று ஒரு சின்னத் துளைக்கருவி வரும், ஏறத்தாழ 0.8 மில்லிமீட்டர் துளைத்தால் ஒரு வினாடி குறையும்.

எனக்கு இது எப்படித் தெரியும்? என் முதல் சான்றுப் பறத்தலில் நான் துளைக்க மறந்தேன். ராக்கெட் எழும்பியது, 300 மீட்டர் போயிருக்கும், ஏழு வினாடியில் உச்சியில் தயங்கியது, திரும்பியது. மைக்கில் "ஹெட்ஸ் அப்" என்று குரல். ஏழு, எட்டு, ஒன்பது என்று மனசுக்குள் எண்ணிக்கொண்டே நிற்கிறேன். பெட்டிக்குள் கிடக்கும் துளைக்கருவி அப்போதுதான் ஞாபகத்துக்கு வருகிறது. தரைக்கு ஏறத்தாழ 80 மீட்டர் இருக்கும்போது, மணிக்கு 200 கிலோமீட்டர் வேகத்தில், பாராசூட் வெளியே வந்தது. பாராசூட் தாங்கியது. நாடா அட்டைக் குழாயைக் கத்தி வைத்துக் கீறின மாதிரி ஒரு சாண் நீளத்துக்குக் கிழித்துவிட்டது. ராக்கெட்காரர்கள் இதை 'ஜிப்பர்' என்பார்கள். சான்று கிடைக்கவில்லை. ஆள்மேல் விழவில்லை என்பதே பெரிய விஷயம்.

பார்வையாளராக வருகிறவர்களும் 'ஹெட்ஸ் அப்' என்ற சத்தம் கேட்டால் ஓடாதீர்கள். எழுந்து நின்று ராக்கெட்டைக் கண்ணால் தேடுங்கள், கண்டதும் விரலால் காட்டுங்கள். பத்துப் பேர் ஒரே திசையில் காட்டினால் பதினோராவது ஆளும் பார்த்துவிடுவார். எந்தப் பக்கம் விலகுவது என்று அப்புறம் முடிவு செய்யலாம். எச் மோட்டாருக்குக் குறைந்தது 100 அடி தள்ளி நிற்க வேண்டும். பற்றவைத்தும் கிளம்பவில்லை என்றால் மின்பெட்டியின் சாவியை உருவிவிட்டு ஒரு நிமிடம் முழுசாகக் காத்திருங்கள். பட்டாசு புஸ்ஸாகிவிட்டதே என்று குனிந்து ஊதிப் பார்க்கும் பழக்கம் நமக்கு உண்டு. அதை ஏரிப்படுகைக்குக் கொண்டுவர வேண்டாம்.

கடைசியாக, ஊரிலிருந்து வரும் மின்னஞ்சல்களுக்காக. வீட்டிலேயே உந்துபொருள் சமைத்துக் காட்டும் வீடியோக்களை அனுப்பி, "இதைச் செய்யலாமா சார்?" என்று கேட்கிறார்கள். செய்யக்கூடாது. 1954-இல் நெப்ராஸ்காவில் செருப்புக்கடை வைத்திருந்த ஆர்வில் கார்லைல் மாடல் ராக்கெட்டை உருவாக்கினார். 1957-இல் ஹாரி ஸ்டைன் அதைக் கையில் எடுத்து மாடல் ராக்கெட்காரர்களுக்கான அமெரிக்கச் சங்கத்தையே தொடங்கினார். ஸ்புட்னிக் பறந்த அந்தக் காலத்தில் பையன்கள் தாங்களே எரிபொருள் கலந்து குழாயில் அடைத்து விரல்களையும் கண்களையும் இழந்துகொண்டிருந்தார்கள். ராக்கெட்டைக் கட்டுகிறவன் எரிபொருளைத் தொடாமல், ஆலையில் செய்த மோட்டாரை வாங்கிப் போட வேண்டும் என்ற ஏற்பாடு அப்போது வந்ததுதான். இந்தியாவில் உந்துபொருள் 1884-ஆம் ஆண்டு வெடிபொருள் சட்டத்துக்கும் 2008-ஆம் ஆண்டு விதிகளுக்கும் உட்பட்டது. உரிமம் இல்லாமல் கலப்பது குற்றமும்கூட. இங்கிருந்து விடுமுறைக்குப் போகும்போது மருமகனுக்கு ஒரு மோட்டாரைப் பெட்டியில் போட்டுக்கொண்டு போகலாமா என்று ஒருவர் கேட்டார். கைப்பையிலும் கூடாது, ஏற்றிவிடும் பெட்டியிலும் கூடாது. காலிக் கிட்டை வேண்டுமானால் கொண்டுபோங்கள், அட்டையும் மரமும்தானே.

என் ராக்கெட் என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். கிழிந்த பாகத்தை வெட்டிவிட்டு, உள்ளே இணைப்புக்குழாய் வைத்துப் புதுத் துண்டு ஒட்டி, அடுத்த மாதம் சான்று வாங்கினேன். வெட்டி எடுத்த அந்தத் துண்டு இப்போதும் மேசையில் பேனாக்களைப் போட்டுவைக்கிற குவளையாக இருக்கிறது. "தாமதம் எத்தனை வினாடி, துளைத்தாச்சா?" என்று நான் கேட்கும்போது யாராவது, "எல்லாம் சரியா இருக்குண்ணா" என்று அவசரப்பட்டால், பேனாக்களைக் கீழே கொட்டிவிட்டு அதை அவர் கையில் கொடுத்துவிடுவேன்.