ஒன்பது வோல்ட் வாத்தியாரும் இரண்டாயிரம் வோல்ட் காணொளியும்

பிள்ளை எலக்ட்ரானிக்ஸ் பழக எந்தப் புத்தகம் வாங்கலாம் என்று கேட்கும் பெற்றோர் இப்போது குறைந்துவிட்டார்கள். கோலாலம்பூரில் செந்தூல், பிரிக்பீல்ட்ஸ் பக்கம் வயரிங் வேலைக்குப் போகும் வீடுகளில் எனக்கு வரும் கேள்வியே வேறு. "அண்ணே, பழைய மைக்ரோவேவ் ஒன்று சும்மா கிடக்கிறது. பையன் அதில் ஏதோ செய்யப்போகிறானாம், கொடுக்கலாமா?" அந்த 'ஏதோ' என்னவென்று விசாரித்தால், அநேகமாக மைக்ரோவேவின் டிரான்ஸ்பார்மரை வைத்துப் பலகையில் மின்னல் கோடு சுடும் வேலையாக இருக்கும். பார்க்க அழகான காணொளிதான். வெளிநாடுகளில் அதைச் செய்யப்போய் இறந்தவர்கள் பலர்.

கொடுக்கவே கூடாது. காரணத்தைச் சொல்வதற்கு முன், இதே எலக்ட்ரானிக்ஸ் ஆர்வத்தைப் புத்தகம் எழுதியே பல லட்சம் பேருக்கு ஊட்டிய ஒருவரைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

ஃபாரெஸ்ட் மிம்ஸ் 1944-ல் அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில் பிறந்தவர். கல்லூரியில் அவர் படித்தது அரசியல். பொறியியல் பட்டம் கிடையாது. (எங்கள் தொழிலில் சான்றிதழ் இல்லாமல் டிபி பெட்டியை, அதாவது வீட்டு மின்சாரத்தைப் பிரித்துக் கொடுக்கும் பெட்டியை, தொடக்கூடாது. ஆனால் பேட்டரியைத் தொட யாருக்கும் சான்றிதழ் தேவையில்லை.) அவருடைய கொள்ளுத்தாத்தாவுக்குக் கண் தெரியாது. அந்த நினைவில், அகச்சிவப்பு எல்இடி ஒளியை அனுப்பி, எதிரே இருக்கும் பொருளில் பட்டுத் திரும்புவதை ஒலியாக மாற்றிக் காதில் கேட்கச் செய்யும் சிறு கருவி ஒன்றை மாணவப் பருவத்திலேயே உருவாக்கினார். பின்னர் விமானப்படை அதிகாரியாக வியட்நாமில் இருந்தபோது, சைகோனில் பார்வையற்ற பிள்ளைகள் படித்த பள்ளியில் அதைச் சோதித்துப் பார்த்தார்.

1969-ல் எட் ராபர்ட்ஸ் முதலிய நண்பர்களோடு சேர்ந்து எம்ஐடிஎஸ் என்ற சிறு நிறுவனத்தை அவர் தொடங்கினார். மாதிரி ராக்கெட்டுகளுக்கான மின்னணுக் கருவிகள்தான் முதல் சரக்கு. சீக்கிரமே விலகி, எழுத்தையே பிழைப்பாக்கிக்கொண்டார். அவர் போன பிறகு அந்த நிறுவனம் வெளியிட்டதுதான் 1975-ன் ஆல்டேர் 8800 கணினி. அதற்கான கையேட்டை எழுதியவரும் மிம்ஸ்தான். கூலியாக ஓர் ஆல்டேரையே வாங்கிக்கொண்டார்.

ரேடியோ ஷேக் என்ற அமெரிக்க மின்னணுப் பொருள் கடைகளுக்காக அவர் 1983-ல் எழுதிய தொடக்கநிலைப் புத்தகம் பத்து லட்சம் பிரதிகளுக்கு மேல் விற்றது. அச்செழுத்தே இல்லை, எழுத்தும் படமும் முழுக்க அவர் கைப்பட வரைந்தவை. நன்றாகப் படித்த அண்ணன் ஒருவரின் நோட்டைக் கடன் வாங்கிப் புரட்டுவது போலிருக்கும். அழகைவிட எனக்கு முக்கியமாகப் படுவது வேறு. அவர் பிள்ளைகளுக்கு வரைந்து கொடுத்த சுற்றுகளில் பெரும்பாலானவை சிறு பேட்டரியில் ஓடுபவை. 9 வோல்ட் பேட்டரி, 470 ஓம் மின்தடை, ஒரு சிவப்பு எல்இடி. எல்இடி சுமார் 2 வோல்ட்டை எடுத்துக்கொள்ளும். மீதி 7 வோல்ட்டை 470-ஆல் வகுத்தால் 15 மில்லிஆம்பியர். தப்பாக இணைத்தால் எல்இடி கருகும், பத்து வயதுப் பிள்ளை சிரித்துக்கொண்டே அடுத்ததை எடுக்கும். தப்புச் செய்து பழகும் சுதந்திரத்தை அந்தப் பேட்டரி கொடுக்கிறது.

மைக்ரோவேவ் டிரான்ஸ்பார்மர் கொடுப்பது ஏறத்தாழ 2,000 வோல்ட். "எங்கள் வீட்டில் இஎல்சிபி இருக்கிறதே, தட்டிவிடாதா?" என்று கேட்பார்கள். தட்டாது. இதை மட்டும் கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள். இஎல்சிபி என்பது மின்கசிவு வந்தால் மின்சாரத்தைத் துண்டிக்கும் சுவிட்சு. அது செய்வது ஒரே வேலை. லைவ் கம்பியில் போகும் மின்னோட்டமும் நியூட்ரலில் திரும்பும் மின்னோட்டமும் சமமா என்று பார்க்கும். கைக்கருவிகளுக்கான இணைப்பில் 30 மில்லிஆம்பியர், குளியலறை வாட்டர் ஹீட்டருக்கு 10 மில்லிஆம்பியர் என்று வேறுபாடு வந்தால் துண்டிக்கும். ஆனால் டிரான்ஸ்பார்மரில் 2,000 வோல்ட் வெளிவரும் இரண்டாம் சுருள் வீட்டு வயரோடு நேராக இணைந்ததல்ல. அதிலிருந்து உடலில் பாயும் மின்சாரம் அதே சுருளுக்குத்தான் திரும்புகிறது, வீட்டு வயருக்கு அல்ல. வீட்டுப் பக்கம் லைவும் நியூட்ரலும் சமமாகவே இருக்கும். ஆள் விழுந்து கிடந்தாலும் இஎல்சிபிக்கு ஒன்றும் தெரியாது.

பிளக்கில் இருக்கும் 13 ஆம்பியர் ஃபியூசும் உதவாது. 100 மில்லிஆம்பியர் இதயத்தை நிறுத்தப் போதுமானது. 2,000 வோல்ட்டில் அது 200 வாட்; வீட்டுப் பக்கம் கணக்குப் பார்த்தால் ஓர் ஆம்பியர்கூட இல்லை. ஒரு ரைஸ் குக்கர் அதைவிட அதிகம் இழுக்கும். கைக்கு ரப்பர் கையுறை, காலுக்குச் செருப்பு என்று காணொளியில் சொல்லும் பாதுகாப்பு எதுவும் இந்த அழுத்தத்துக்கு ஆனதல்ல.

பிளக்கைக் கழற்றிவிட்டால் போதும் என்றும் நினைக்க வேண்டாம். மைக்ரோவேவின் உள்ளே உள்ள மின்தேக்கியில் மின்னேற்றம் தங்கும். அதை வடிக்க உள்ளுக்குள் வைத்த மின்தடை பழுதாகியிருந்தால், பல மணி நேரம் கழித்துத் தொட்டாலும் அடிக்கும். பழைய மைக்ரோவேவைத் திறக்காமலே மின்கழிவு சேகரிப்பு மையத்தில் சேர்ப்பதுதான் வழி. பழைய பிக்சர் டியூப் தொலைக்காட்சிக்கும் இதேதான்.

பேட்டரி என்றாலே ஆபத்தில்லை என்று நான் சொல்லவில்லை. பழைய பவர்பேங்கிலிருந்து பிரித்தெடுத்த லித்தியம் செல்லின் இரு முனையும் உரசிக்கொண்டால் தீப்பிடிக்கும். தொடக்கத்துக்குக் கடையில் கிடைக்கும் சாதாரண 9 வோல்ட் பேட்டரியே நல்லது.

சரி, பையன் கையில் எதைக் கொடுப்பது? மிம்ஸின் வாழ்க்கையிலேயே அதற்குப் பதில் இருக்கிறது. ஒளி தரும் எல்இடி, தன்மேல் ஒளி பட்டால் சிறிதளவு மின்சாரமும் தரும் என்பதைப் பயன்படுத்தி, வெயிலையும் வானத்தின் மங்கலையும் அளக்கும் கருவிகளை அவர் செய்தார். 1990 முதல் வீட்டருகே தொடர்ந்து அளவெடுத்தார். வீட்டில் செய்த இன்னொரு கருவியால் ஓசோன் படலத்தை அளந்து, நாசா செயற்கைக்கோளின் அளவு விலகியிருப்பதைக் கண்டுபிடித்து 1993-ல் வெளியிட்டார்.

கோலாலம்பூரில் புகைமூட்டம் வரும்போது எல்இடியால் வெயிலை அளக்கும் இந்த வேலையைப் பிள்ளைகள் செய்யலாம். ஜாலான் பாசார் கடைகளில் ஒரு சிவப்பு எல்இடியும் மலிவான மல்டிமீட்டரும் வாங்கிக்கொள்ளுங்கள். மீட்டரை 200 மைக்ரோஆம்பியர் வரம்பில் வைத்து, எல்இடியின் நீளக் காலைச் சிவப்பு முனையிலும் குட்டைக் காலைக் கறுப்பு முனையிலும் இணைக்க வேண்டும். வோல்ட் அளவில் வைத்தால் வெளிச்சம் கூடினாலும் எண் பெரிதாக மாறாது. மின்னோட்டத்தில்தான் வித்தியாசம் தெரியும். உள்ளே ஒளி சிதறாமலிருக்க எல்இடியைக் கறுப்புக் குழாய்க்குள் செருகி, நிழலைப் பார்த்துச் சூரியனை நோக்கித் திருப்பச் சொல்லுங்கள். நேரே சூரியனைப் பார்க்கக் கூடாது. தினமும் ஒரே நேரத்தில் வரும் எண்ணைக் குறித்துக்கொண்டு, அன்றைய காற்றுத் தூய்மைக்கேட்டுக் குறியீட்டை அதன் பக்கத்திலேயே எழுதட்டும். மேகம் மறைத்த நாளை விட்டுவிட வேண்டும்.