ஜேர்னல்: நாளேடா, சஞ்சிகையா?

வீட்டுக் கணினியிலோ கடைக் கணினியிலோ லினக்ஸ் இயங்குதளத்தை நிறுவ முனைபவர் எந்தக் கோப்பு முறைமையை, அதாவது வட்டில் கோப்புகளை ஒழுங்குபடுத்தி வைக்கும் முறையை, தெரிவது என்று கேட்டால், ஜேர்னல் உள்ள ஒன்றைப் போடுங்கள் என்ற பதிலே பெரும்பாலும் கிடைக்கும். அந்த ஜேர்னலைச் சஞ்சிகை என்று மொழிபெயர்த்திருப்பதை நான் கண்டிருக்கிறேன். வன்தட்டுக்குள் யார் சஞ்சிகை நடத்துகிறார்கள் என்று வாசிப்பவர் திகைப்பார்.

இலத்தீனில் பகலைக் குறிக்கும் 'தியேஸ்' என்ற சொல்லிலிருந்து, நாளுக்குரியது என்னும் பொருளில் 'தியூர்னாலிஸ்' பிறந்து, பழைய பிரெஞ்சின் வழியாக ஆங்கிலத்தில் 'ஜேர்னல்' ஆயிற்று. ஒரு பகலில் நடந்து கடக்கும் தூரத்தைக் குறித்து, பிறகு பயணம் என்றே ஆகிவிட்ட 'ஜேர்னி'யும் இதன் உறவுச்சொல்தான். 1494 இல் வெனிசில் அச்சான தம் கணித நூலில் லூகா பச்சோலி, வணிகருக்கு மூன்று ஏடுகளை விதித்தார்: நடந்ததை நடந்தபடியே குறிக்கும் நினைவேடு, அதை ஒழுங்குபடுத்தி எழுதும் 'ஜோர்னாலே', கணக்குவாரியாகப் பிரித்து வைக்கும் பேரேடு. கணினித்துறை கடன்வாங்கியது இந்த வணிகரின் ஏட்டையே. செய்தித்தாளையோ ஆய்விதழையோ அன்று.

பரந்தனில் ஓர் உரக்கடையை எண்ணிப் பாருங்கள். காலபோக விதைப்புக் காலத்தில் கடை நிறைய ஆட்கள் நிற்கும்போது, முதலாளி ஒவ்வொருவரின் பேரேட்டுப் பக்கத்தையும் தேடிப் புரட்டுவதில்லை. யார், எத்தனை மூட்டை, எவ்வளவு கடன் என்று கொப்பியில் ஒரு வரி எழுதிவிட்டு அடுத்தவரைப் பார்ப்பார். பேரேட்டில் ஏற்றுவது கடை அடங்கிய பின்புதான். ஏற்றும்போது இடையில் மின்சாரம் நின்று பாதியில் விட்டாலும், மறுநாள் கொப்பியைப் பார்த்து மீதியை முடித்துவிடலாம்.

கோப்பு முறைமையும் அவ்வாறே. ஒரு கோப்பை அழிப்பது ஒரே செயல்போலத் தோன்றினாலும், அடைவிலிருந்து பெயரை நீக்கல், கோப்பின் விபரப்பதிவை விடுவித்தல், வெறுமையான இடங்களின் கணக்கைத் திருத்தல் என்று பல மாற்றங்கள் அதனுள் அடங்கும். நாளேடு, அதாவது ஜேர்னல், இல்லாத பழைய லினக்ஸ் கோப்பு முறைமையான எக்ஸ்ட்2 இல் இவற்றின் நடுவே மின்சாரம் நின்றால், மறுபடி இயக்கும்போது வட்டு முழுவதையும் சோதிக்க நேரும். 2001 நவம்பரில் லினக்ஸின் மையப் பகுதியான கருவின் 2.4.15 ஆம் பதிப்புடன் வந்த எக்ஸ்ட்3, செய்யப்போகும் மாற்றங்களை முதலில் நாளேட்டில் எழுதி முடித்து, பின்னரே உரிய இடங்களில் பதித்தது. ஆகவே மறுபடி இயக்கும்போது நாளேட்டை மட்டும் வாசித்தால் போதும். 2008 இன் எக்ஸ்ட்4 உம் இவ்வழியே செல்கிறது. 2022 மார்ச் இறுதியில் இலங்கையில் நாளுக்கு 13 மணித்தியாலம் வரை நீண்ட மின்வெட்டைக் கண்ட நமக்கு இதன் அருமையைச் சொல்லவேண்டியதில்லை.

ஆயினும் நாளேடு இருந்தால் எதுவுமே தொலையாது என்பது தவறான நம்பிக்கை. எக்ஸ்ட்4 தன் இயல்பு அமைப்பில் கோப்பின் பெயர், அளவு, இருப்பிடம் போன்ற விபரங்களையே நாளேட்டில் இடுகிறது. கோப்பின் உள்ளடக்கத்தை அன்று. எக்ஸ்எஃப்எஸ் என்னும் மற்றொரு கோப்பு முறைமையும் அப்படித்தான். நாளேடு கோப்பு முறைமையின் கட்டமைப்பைக் காக்கும். நினைவகத்திலிருந்து வட்டுக்கு இன்னும் இறங்காத விலைச்சிட்டையைக் காக்காது. அதற்கு, மின்சாரம் நின்றாலும் சற்றுநேரம் கணினியை இயக்கும் யூபிஎஸ் மின்கலப் பெட்டி வேண்டும், வேறொரு வட்டில் நகலும் வேண்டும். வீட்டுக்கும் சிறு கடைக்கும் எக்ஸ்ட்4 போதும் என்பது என் கருத்து. பெரிய கோப்புகள் நிறைந்த வழங்கிக்கு (சேர்வருக்கு) எக்ஸ்எஃப்எஸ் பொருந்தும். ஆனால் அதைப் பெருப்பிக்கலாமே தவிர நடைமுறையில் சுருக்க இயலாது என்பதை வட்டைப் பிரிக்கும்போதே நினைவிற் கொள்ளவேண்டும்.

தமிழ்ச்சொல் தேடி அலைய வேண்டியதில்லை. நம் பாடசாலைக் கணக்கீட்டு நூல்கள் பொது நாளேடு என்று எழுதிவருகின்றன. நாளேடு என்றால் பத்திரிகை அல்லவா என்பார்க்கு, பிரெஞ்சின் 'ஜூர்னால்' இன்றும் அவ்விரு பொருளையும் சுமக்கிறது என்பதே விடை. ஏடு பனையோலையிலிருந்து வந்த சொல் என்பதால் வன்னி மக்களுக்கு அது அந்நியமும் அன்று. குறிப்பேடு என்றால் பின்னர் பேரேட்டில் ஏற்றும் தொடர்பு மறைந்துவிடும். பதிவேடு ஏற்கெனவே வேறு வேலையில் இருக்கிறது. ஆகவே நாளேட்டுக் கோப்பு முறைமை, நாளேட்டுப் பதிகை என்று எழுதலாம். பட்டர்எஃப்எஸ் போன்ற வேறுவகைக் கோப்பு முறைமைகளுக்கு மட்டும் இப்பெயர் பொருந்தாது. அவை பழையதன்மேல் எழுதாமல் புதிய இடத்தில் நகலை எழுதி, முடிந்தபின் இருப்பிடத்தைக் காட்டும் சுட்டியை மாற்றுவன.